மாப்பிள்ளை கையில் என்ன போன்?

மாப்பிள்ளைக்கு மச்சான் வாட்ச் கட்டிவிட வேண்டும் என்ற வழக்கத்தை எந்தப் புண்ணியவான் தொடங்கிவைத்தானோ, அவன் இன்றைக்கு உயிரோடு இருந்திருந்தால் அழகன் அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டான். நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றி முடிந்த கையோடு, பொண்ணின் அண்ணனோ தம்பியோ எழுந்து வந்து, சபை பார்க்க மாப்பிள்ளையின் இடது கையில் வாட்சைக் கட்ட வேண்டும். தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் வேறு எந்தக் குறையையும் பொறுத்துக்கொள்வார்கள். சோறு குழைந்துபோனால்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். வாட்சில் குறை வைத்தால் மட்டும் அது பொண்ணுக்குப் பேரன் பேத்தி பிறந்த பிறகும் பேச்சாக இருக்கும்.

அப்பன் காலத்தில் சாவி கொடுக்கிற வாட்ச். பிறகு பேட்டரி வாட்ச். இப்போது ஸ்மார்ட் வாட்ச். கையில் கட்டினால் போதாது, அது போனோடு பேச வேண்டும், நெஞ்சு துடிப்பதை எண்ண வேண்டும், நடந்த நடையைக் கணக்கு வைக்க வேண்டும். நாளெல்லாம் மலையேறி இறங்கிக் கொழுந்து பறிக்கிற சனத்துக்கு நடந்ததை எண்ணிச் சொல்ல ஒரு மெஷின் தேவைப்படுகிறது, பாருங்கள்.

அழகன் கொழும்பில் ஒரு சைவக் கடையில் சமையல்காரன். அம்மா நாகலெட்சுமியும் தங்கை நிலக்ஷியும் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் இருந்தார்கள். அம்மா இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள். நிலக்ஷி தோட்டத்துப் புள்ளக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். ஊரார் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கியே அவளுக்கு முப்பது நெருங்கிவிட்டது. இரண்டு சம்பந்தம் வந்து தட்டிப்போயிருந்தது. ஒரு வீட்டார், "லயத்துல நாங்க பொண்ணு எடுக்கிறதில்லீங்க" என்று தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகு சொன்னார்கள். இன்னொரு வீட்டார் சொல்லாமலே போய்விட்டார்கள்.

மூன்றாவதாகத்தான் நிரஞ்சன் வந்தான். ஹட்டன் டவுனுக்குச் சற்றுத் தள்ளிச் சொந்த வீடு, ஒரு லீசிங் கம்பெனியில் டை கட்டிய உத்தியோகம். அவன் அம்மா மீனம்மாவுக்கு நிலக்ஷியைப் பிடித்துப்போனது என்று தரகர் சிவசாமி வந்து சொன்னபோது நாகலெட்சுமி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். சீர் செனத்தி எதுவும் அவர்கள் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான்.

"மாப்பிள்ளைக்குக் கட்டுற வாட்சு மட்டும் ஆப்பிளா இருந்தா நல்லதுன்னு அந்தம்மா அபிப்பிராயப்படுறாங்க" என்றார் சிவசாமி. "ஆபீஸ்ல மேனேஜரு அதத்தான் கட்டியிருக்காராம்."

நாகலெட்சுமி வளர்த்த பசுமாடு அந்த வாரமே கைமாறியது. அழகன் கொழும்பிலிருந்து லீவு போட்டு வந்து, நேராக ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பாஹிமின் கடைக்குப் போனான்.

பாஹிமிடம் போகாமல் வேறு யாரிடம் போவது? அழகனுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய அன்று அடைமழை. பாதை சரிந்துகிடக்கிறது என்று எந்த வாகனக்காரனும் தோட்டத்துக்கு வர மாட்டேன் என்று கையை விரித்துவிட்டான். பாஹிமின் வாப்பா மீராசாஹிப்தான் தன் வேனிலிருந்த கடைச் சாமானையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு வண்டியைக் கொடுத்தார். பாஹிம், அப்போது படித்துக்கொண்டிருந்தவன், பின்னால் பிரேதத்துக்குப் பக்கத்தில் அழகனோடு உட்கார்ந்து லயம் வரைக்கும் வந்தான். அதிலிருந்து பெருநாளைக்கு வட்டிலப்பம் இங்கே வரும், தீபாவளிக்கு முறுக்கு அங்கே போகும்.

"வாட்ச்சுண்டா எல்லாம் ஒண்டில்ல, அழகன்" என்று பாஹிம் மூன்று வாட்சை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வரிசையாக வைத்தான். "வெளிய பாத்தா மூணும் ஒரே மாதிரிதான் ஈக்கும். உள்ளுக்கு ஓடுற சிஸ்டம் வேற வேற. இந்தா, இது ஆப்பிள். இது சொந்தத்துக்குள்ள மட்டும்தான் சம்பந்தம் வைக்கும். ஐபோன் ஈந்தாத்தான் கண்ணே தொறக்கும். வேற போனக் கொண்டாந்து பக்கத்துல வச்சா, ஏன் வந்தேண்டு கூடக் கேக்காது."

"சரி, இது?"

"இது கூகிள்ட சிஸ்டம். மத்த ஆண்ட்ராய்ட் போன் எல்லாத்தோடயும் நல்லாப் பழகும். ஐபோனோட மட்டும் சேராது. புதுசுல சேரவே சேராது. மூணாவதா ஈக்கிறது தனியா ஒரு சின்ன சிஸ்டம். எந்தப் போனோடயும் போகும், வெலயும் கொறவு. ஆனா நேரம் காட்டும், நடைய எண்ணும், கோல் வந்தா அதிரும். அதுக்கு மேல ஒண்டும் ஏலாது."

"எனக்கு ஆப்பிள்தான்டா வேணும். அவங்க வாயால கேட்டிருக்காங்க."

"தாறேன். மாப்பிள்ளட கையில என்ன போன்?"

அழகனுக்குத் தெரியாது. பொண்ணு பார்க்க அவர்கள் வந்த அன்று அவன் கொழும்பில் வடைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையை அவன் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

"கேட்டுட்டு வா" என்று பாஹிம் வாட்சைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டான். "கேக்காம நான் விக்க மாட்டேன். பொறகு நீ வந்து என்னத்தான் ஏசுவ."

கேட்டுவிட்டு வா என்று சொல்வது சுலபம். யார் கேட்பது? மாப்பிள்ளைக்கு ஒரு கோல் எடுத்து, "உங்க போன் என்ன போன்?" என்று கேட்டால் அரை நிமிடத்தில் முடிகிற காரியம். ஆனால் நம் ஆட்களுக்கு அரை நிமிடத்தில் முடிகிற காரியம் ஆகாது. சம்பந்தம் பேசி முடித்து நிச்சயத்துக்கு நாள் வைத்த பிறகு பொண்ணு வீட்டான் மாப்பிள்ளை வீட்டில் நேராக எதையும் விசாரிக்கக் கூடாது. விசாரித்தால் கணக்குப் பார்க்கிறான் என்று அர்த்தம். எல்லாம் தரகர் வாய் வழியாகத்தான் போய் வர வேண்டும். அழகன் சிவசாமியைப் பிடித்தான். சிவசாமி மாப்பிள்ளையிடம் கேட்டாரா? அவர் வயசுக்கும் மரியாதைக்கும் அது அழகல்லவே. அவர் மீனம்மாவிடம் போய்க் கேட்டார்.

மறுநாள் பதில் வந்தது.

"ஐபோனாம் தம்பி" என்றார் சிவசாமி. "கேட்டதுக்கே அந்தம்மா மூஞ்சி ஒரு மாதிரியாப் போயிருச்சு. எங்க புள்ளயப் பாத்து இப்படி ஒரு கேள்வியாங்கிற மாதிரி. இனிமே இந்த மாதிரி எல்லாம் என்னக் கேக்க விடாதீங்க."

அழகன் வாட்சை வாங்கினான். பெட்டியைத் தொட்டுப் பார்த்த நாகலெட்சுமி, மாடு எவ்வளவு சின்னதாகப் போய்விட்டது என்று சொல்லிச் சிரித்தாள்.

நிச்சயதார்த்தம் தோட்டத்துக் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் நடந்தது. ஹட்டனிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். மீனம்மா பட்டுச்சேலை. அவள் தம்பி கணேசமூர்த்தி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் எந்நேரமும் வீடியோ எடுக்கிற போன். நிரஞ்சன் நல்ல பிள்ளையாகத் தலை குனிந்து வந்தான். லயத்துச் சனம் அவனைப் பார்த்துவிட்டு, நிலக்ஷி காத்திருந்ததற்குக் குறைவில்லை என்று பேசிக்கொண்டது. பாஹிமும் வந்திருந்தான். பின் வரிசையில் உட்கார்ந்து, கொடுத்த சோடாவைக் குடித்துக்கொண்டிருந்தான்.

தட்டு மாற்றினார்கள். ஐயர் அழகனைக் கூப்பிட்டார். அழகன் பெட்டியைத் திறந்து வாட்சை எடுத்து நிரஞ்சன் கையில் கட்டினான். பெண்கள் குலவை போட்டார்கள். அந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். கணேசமூர்த்திக்கு அது போதவில்லை.

"ஓட்டிக் காட்டுங்கப்பா! ஆப்பிள் வாட்சு எப்படி வேல செய்யுதுன்னு சனம் பாக்கட்டும்" என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அழகன் பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினான். வாட்சில் வெளிச்சம் வந்தது. பாஷை கேட்டது. பிறகு ஐபோனைப் பக்கத்தில் கொண்டு வா என்று எழுத்து வந்து நின்றது.

"மச்சான், ஒங்க போனக் கொஞ்சம் எடுங்க" என்றான் அழகன் மரியாதையாக.

நிரஞ்சன் பையிலிருந்து போனை எடுத்தான். நீலக் கவர் போட்ட சாதாரண ஆண்ட்ராய்ட் போன். ஹட்டன் பஸ்ஸில் ஏறினால் பத்துப் பேரில் ஆறு பேர் கையில் இருக்கிற போன். அதை வாட்சுக்குப் பக்கத்தில் வைத்தான். வாட்ச் அசையவில்லை. இன்னும் நெருக்கி வைத்தான். வாட்ச் அதே எழுத்தைக் காட்டிக்கொண்டு கல்லாட்டம் கிடந்தது.

 அழகன் நிமிர்ந்து மீனம்மாவைப் பார்த்தான். மீனம்மாவும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையிலேயே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வாட்சுக்கும் போனுக்கும் என்ன உறவு என்று அவளுக்குத் தெரியாது. மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. சாதாரண போன் என்று சொன்னால் சாதாரண வாட்ச் வந்து சேரும் என்று பயந்து, வாயில் வந்த பெரிய பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பொய் இப்போது சபை நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதை யார் தலையில் கட்டுவது என்பதுதான் பாக்கி. மீனம்மா முந்திக்கொண்டாள்.

"வேல செய்யலியே? டூப்ளிகேட்டா?"

அவ்வளவுதான், மண்டபம் முழுக்க டூப்ளிகேட், டூப்ளிகேட் என்று பரவியது. பின் வரிசையில் பாஹிம் எழுந்தான்.

"டூப்ளிகேட் இல்லம்மா, ஒரிஜினல். வாட்ச்சுல பிழ இல்ல. அழகன், நடந்தத நீ செல்லு. நான் என்ன கேட்டேன், நீ என்ன வந்து சென்ன?"

எல்லார் முகமும் அழகன் பக்கம் திரும்பியது. மண்டபத்து வாசலில் நிலக்ஷி புதுச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள். சேலையின் கரையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"சொல்லுங்க தம்பி" என்றாள் மீனம்மா. குரல் வெண்ணெய் மாதிரி வந்தது. "யாரு மேல தப்பு? எங்க மேலயா, கடக்காரர் மேலயா? நீங்க சொன்னா நாங்க ஏத்துக்குவோம்."

உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் அவள் நாலு பேர் முன்னால் பொய்க்காரியாவாள், வேன் அப்படியே திரும்பிப் போகும், நிலக்ஷி மறுபடியும் ஊரார் பிள்ளைக்குப் பால் புகட்டப் போவாள். அழகன் பாஹிமைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

"கடையிலதான் தப்பு நடந்திருச்சுங்க அத்தே. என்னைய ஏமாத்திட்டாங்க."

 பாஹிம் சோடாப் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கணேசமூர்த்தி அவன் முதுகைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "நம்மாளுக கடையில வாங்கியிருந்தா இந்தக் கதி வருமா?" சிலர் ஆமாம் போட்டார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் ஆளுக்கு ஆள் நியாயம் பேசுகிற வாய்களில் ஒன்றாவது அன்றைக்குத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பந்தி போட்டார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள்.

மீனம்மா சம்பந்தத்தை முறிக்கவில்லை. அவள் அவ்வளவு முட்டாள் இல்லை. "மனுசன் ஏமாறுறது சகஜந்தான். நாளைக்கு எல்லாரும் கடைக்குப் போவோம். எங்க கண்ணு முன்னாடி மாத்திக் குடுக்கட்டும். அதுக்கப்புறம் கல்யாணத்துக்கு நாள் பாப்போம்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள்.

மறுநாள் காலையில் பாஹிம் கடைக் கதவைத் தூக்கும்போதே அழகன் ஆப்பிள் வாட்ச் பெட்டியோடு அங்கே நின்றான்.

"மாமன்காரன் வீடியோவ பேஸ்புக்ல போட்டுட்டான், பாத்தியா?" என்றான் பாஹிம். அவன் கண் சிவந்திருந்தது. "கடப் பேரோட. கீழ என்னென்ன எழுதிக் கெடக்குண்டு வாசிச்சியா? எங்கட வாப்பாவயும் சேத்து எழுதியிருக்கானுகள்."

"பாஹிம், ஒங்கால்ல வேணும்னாலும் விழுறேன்டா. ஒன் கடைக்கு ரெண்டு நாள் கெட்ட பேரு. அவளுக்கு ஆயுசு முழுக்க."

"அந்தம்மா பொய் செல்லியிருக்கா. நீ அதுக்கு மேல ஒரு பொய் செல்லியிருக்க. நடுவுல நான் கள்ளன்."

"ஆமா. நாந்தான் செஞ்சேன். வேற வழி தெரியல."

பாஹிம் வெகுநேரம் கண்ணாடிப் பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். கடைசியில், கூகிள் சிஸ்டத்தில் ஓடுகிற ஒரு வாட்சை எடுத்து வெளியே வைத்தான்.

"இது அவன்ட போனோட சேரும். சாமான் மாறிப்போச்சுண்டு நான் செல்றேன். நிலக்ஷிக்காகத்தான். ஒனக்காக இல்ல."

அழகன் அவன் கையைப் பிடிக்கப் போனான். பாஹிம் கையை இழுத்துக்கொண்டான்.

பதினொரு மணி வாக்கில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மீனம்மா, நிரஞ்சன், தரகர் சிவசாமி, போனைத் தூக்கிப் பிடித்தபடி கணேசமூர்த்தி. கூடவே வேடிக்கை பார்க்க நாலு பேர். பாஹிம் சொன்னபடி செய்தான். சாமான் மாறிவிட்டது, மன்னிச்சுக்கொள்ளுங்கள் என்றான். புது வாட்சை நிரஞ்சன் கையில் கட்டி, அவன் போனில் ஒரு செயலியைப் போட்டான். சற்று நேரத்தில் வாட்ச் விழித்துக்கொண்டு நிரஞ்சனின் நெஞ்சுத்துடிப்பைக் காட்டியது. யாரோ அனுப்பிய மெசேஜ் கையில் வந்து அதிர்ந்தது.

நிரஞ்சன் சின்னப் பிள்ளை போலச் சிரித்தான். "நல்லாத்தான் இருக்கும்மா. எனக்கு இது போதும்" என்றான். இரண்டு நாளில் அவன் வாயைத் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

அழகனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தை மாதம் முகூர்த்தம் வைக்கலாம், மண்டபம் சொல்லிவிடலாம் என்று மனசு அதற்குள் ஓடிவிட்டது.

"ஆப்பிள் எங்க?" என்றாள் மீனம்மா.

"அம்மா, இதுவும் நல்ல வாட்ச்..." என்று பாஹிம் தொடங்கினான்.

"நல்லதா கெட்டதான்னு நான் கேக்கல. ஆப்பிள்னு சொல்லித்தான சம்பந்தம் பேசுனோம்? எங்க சொந்தம் பூரா ஆப்பிள்னு சொல்லியாச்சு. இப்ப வேறத கட்டிக்கிட்டுப் போனா என் தல நிமிருமா?"

"ஆப்பிள் கட்டணுமுண்டா கையில ஐபோன் ஈக்கணும்மா. மத்த போனோட அது சேராது."

மீனம்மா பாஹிமை விட்டுவிட்டு அழகன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அதையும் சேத்து வாங்கிக் குடுங்க தம்பி. சபையில எங்களத் தல குனிய வச்சது நீங்க கொண்டுவந்த வாட்சுதான்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அதுக்குப் பரிகாரம் வேண்டாமா?"

தன் பொய்யை அவன் தலையில் ஏற்றியது போதாதென்று, அதற்கு அபராதமும் அவனிடமே கேட்கிறாள். அவள் கண்ணில் ஒரு துளி கூச்சம்கூட இல்லை. அழகன் தலையாட்டினான்.

"சரிங்க அத்தே. ஏதாவது பண்ணி வாங்கிர்றேன்."

அதோடு முடிந்ததா? வீடியோக்காரர் இருக்கிறாரே. கணேசமூர்த்தி போனைப் பாஹிம் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கடக்காரர் ஒரு வார்த்த சொல்லிரட்டும். இங்க பாத்துச் சொல்லுங்க. டூப்ளிகேட் சாமான் வித்தது எங்க கடதான், மன்னிச்சுக்கங்கன்னு. சனத்துக்குத் தெரியணும்ல."

பாஹிம் அழகனைப் பார்த்தான். இப்போதாவது இவன் ஏதாவது சொல்வான் என்ற நினைப்பில்தான் பார்த்தான். அவன் அப்படிப் பார்த்ததை அழகன் சாகும்வரை மறக்கப் போவதில்லை, மறக்கவும் கூடாது.

"சொல்லிரு பாஹிம்" என்றான் அழகன். "ஒரு வார்த்ததானே."

பாஹிம் மேசை இழுப்பறையைத் திறந்தான். காலையில் அழகன் கொடுத்த ஆப்பிள் வாட்சை எடுத்துக் கண்ணாடியின் மேல் வைத்தான். தன் சட்டைப் பையிலிருந்த சொந்த ஐபோனை எடுத்தான். வாட்சின் முகத்தில் புள்ளிகள் கூட்டமாகச் சுழலத் தொடங்கின. அதன் மேல் போன் கேமராவைப் பிடித்தான். கொஞ்ச நேரம் ஆகும், நில்லுங்கள் என்றான். எல்லாரும் நின்றார்கள். பாதையில் நுவரெலியா பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.  வட்டம் மெல்ல மெல்ல நிறைந்தது. பிறகு வாட்ச் ஒருமுறை துடித்து, கண்ணைத் திறந்து, நேரம் காட்டியது.

"இதுதான் டூப்ளிகேட்" என்றான் பாஹிம்.  "மாப்பிள்ளட கையில என்ன போனுண்டு நான் கேக்கச் சென்னேன். ஐபோனுண்டு செல்லி அனுப்பினது நீங்கம்மா. கொண்டு வந்த தரகர் இந்தா நிக்கிறாரு, கேளுங்க."

சிவசாமி பாதையைப் பார்த்தார். பஸ் போய்விட்டதே என்று சும்மா முணுமுணுத்தார். கணேசமூர்த்தியின் போன் அத்தனையையும் பதிந்துகொண்டே இருந்தது, அதை நிறுத்த வேண்டும் என்ற நினைவே அவருக்கு வரவில்லை.

"நீ சொன்னியாம்மா?" என்றான் நிரஞ்சன்.

"ஒன் கௌரவத்துக்குத்தானடா சொன்னேன்" என்றாள் மீனம்மா. அதைச் சொல்லும்போதும் அவள் அழவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவன் பல்லைக் காட்டினான்.

நிரஞ்சன் காது வரைக்கும் சிவந்தான். அவனுக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம்தான். ஆனால் அம்மா மேல் கோபப்பட அவனுக்குத் தைரியம் இல்லை. அந்தக் கோபத்துக்கு வேறு ஓர் ஆள் பக்கத்திலேயே நின்றான். நிரஞ்சன் கையிலிருந்த புது வாட்சைக் கழற்றிக் கண்ணாடியில் வைத்துவிட்டு அழகனைப் பார்த்தான்.

"ஒங்களுக்கு நேத்தே தெரியும்ல? தெரிஞ்சுதான சபையில கடக்காரர் மேல பழியப் போட்டீங்க? சொந்தக் கூட்டாளியவே காட்டிக் குடுக்கிறவரு, நாளைக்கு எனக்கு என்ன செய்வாரு? பொய் சொல்ற குடும்பத்துல எனக்குப் பொண்ணு வேணாம்."

பொய் சொன்ன தாயின் கையைப் பிடித்து அவன் படியிறங்கினான். மீனம்மா தலையை நிமிர்த்திக்கொண்டு போனாள். மகன் சொன்ன பேச்சில் அவளுக்குப் போன மானம் திரும்பி வந்துவிட்டது போல இருந்தது. உலகத்தில் சிலருக்கு எல்லாமே திரும்பி வரும்.

கடையில் அழகனும் பாஹிமும் மட்டும் நின்றார்கள். பாஹிம் ஆப்பிள் வாட்சைத் தன் போனிலிருந்து பிரித்து, பெட்டியில் போட்டு, அழகன் பக்கம் தள்ளினான்.

"எடுத்துக்கிட்டுப் போ. இனி இந்தக் கடைக்கு வராத. வீட்டுக்கும் வராத."

அழகன் நோட்டன் பிரிட்ஜ் பஸ் பிடித்து, லயத்துக்கு வந்து சேர்ந்தபோது நாகலெட்சுமி மலையிலிருந்து வந்திருந்தாள். நிலக்ஷி அடுப்பில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். மீனம்மாவின் பொய்யைச் சொன்னான், பாஹிம் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டான் என்றும் சொன்னான். தான் சொன்னதை மட்டும் வேகமாகச் சொல்லி முடித்தான்.

"அந்தப் பொம்பள மட்டும் ஐபோன்னு சொல்லாம இருந்திருந்தா..." என்று பல்லைக் கடித்தான்.

"அவருகிட்ட ஐபோன் இல்லன்னு எனக்குத் தெரியும்ண்ணே" என்றாள் நிலக்ஷி, அடுப்பை விட்டுத் திரும்பாமல்.

"என்ன?"

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு என்னைய ஒரு போட்டோ எடுத்துக்கிட்டாரு. அவருதும் என்னுதும் ஒரே போனு. ஒரே கம்பெனி, நீலக் கவருகூட ஒரே மாதிரி. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, மாறிப்போச்சுன்னா என்ன செய்யுறதுன்னு கேட்டுச் சிரிச்சாரு." அவள் தேத்தண்ணியைக் கோப்பையில் ஊற்றினாள். "அப்பத்தான் எனக்கு அவரப் புடிச்சுது."

நாகலெட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.  பாஹிம் அழகனிடம் கேட்டான், அழகன் தரகரிடம் கேட்டான், தரகர் ஹட்டன் வரைக்கும் போய்க் கேட்டார். விற்ற மாடு, விட்ட கூட்டாளி, போன மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் பதில் இந்த அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

"தெரிஞ்சிருந்தும் ஏன்டி வாயத் தொறக்கல?" என்று கத்தினான்.

நிலக்ஷி திரும்பினாள்.

"எங்கிட்ட யாரு கேட்டீங்க?"

அழகன் ஓங்கி அறைந்தான். அவள் கையிலிருந்த கோப்பை விழுந்து தேத்தண்ணி சிந்தியது. அவள் கன்னத்தைத் தொடவில்லை, அழவும் இல்லை. அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"யாரு கேட்டீங்க?"

அவன் மறுபடியும் அறைந்தான். நாகலெட்சுமி எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் விழுந்திருக்காவிட்டால் அவள் இன்னொரு தடவையும் கேட்டிருப்பாள்.